தெருவில் 9 பேருக்குக் காய்ச்சல், கணக்கில் ஒருவரும் இல்லை: மறைக்கிறார்களா?

கேள்வி: 9 நவம்பர் 2024, இரவு 9.40

வேலூருக்கு மேற்கே ஒரு சிறு நகரம். எங்கள் தெருவில் தீபாவளியை ஒட்டி 9 பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மூன்று பேருக்குத் தனியார் லேபில் டெங்கு என்று அட்டையில் கோடு விழுந்திருக்கிறது. அரசுத் தரப்பில் கேட்டால் "உங்கள் வார்டில் டெங்கு பூஜ்யம்" என்கிறார்கள். நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. நேற்று என் வகுப்பில் மட்டும் 7 பிள்ளைகள் வரவில்லை. வேண்டுமென்றே மறைக்கிறார்களா?

பதில்: 9 நவம்பர், இரவு 11.15

நான் 31 வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் வடாற்காட்டுப் பக்கம்தான். மறைப்பதையும் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் விஷயத்தில் மறைக்கவே தேவையில்லை. அது கணக்குக்குள் வரவே இல்லை.

தனியார் லேபில் போடும் அட்டைப் பரிசோதனையை அரசு டெங்கு என்று எண்ணிக்கையில் சேர்க்காது. எலைசா என்ற லேப் கருவி முறையில் செய்தால்தான் சேரும். காய்ச்சல் வந்து ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். அந்த வசதியுள்ள லேபுக்கு ரத்தம் போக வேண்டும். உங்கள் மூன்று பேருடைய ரத்தமும் அங்கே போகவில்லை. அதனால் பூஜ்யம்.

நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் வந்தது. அதில் மூன்று படிவங்கள். எஸ் படிவம் நர்ஸம்மா நிரப்புவது: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று பார்த்த அறிகுறியை அப்படியே எழுதுவார். பி படிவம் டாக்டரின் சந்தேகம். எல் படிவம் லேபின் முடிவு. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை தாளில் போகும். 2021-இலிருந்து கணினியில் உடனுக்குடன் ஏற்றுகிறார்கள். வழி வேகமாகியிருக்கிறது. ஆனால் வாசலில் யாரும் கேட்காத காய்ச்சல் எந்த வழியிலும் போகாது. உங்கள் 9 பேரும் போனது மெடிக்கல் ஷாப்புக்கும் தனியார் கிளினிக்குக்கும்தான் இல்லையா?

டெங்குவாகத்தான் இருக்கும். மழைக்காலம், டிரம் தண்ணீர். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து நாட்கள் ஆரம்பம். காய்ச்சல் போய்விட்டதே என்று எழுந்து நடமாட விடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

10 நவம்பர், காலை 6.30

தூக்கம் வரவில்லை. நேற்றுச் சொல்லாமல் விட்டது: ஒரு நோட்டுப் போடுங்கள். வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா, காய்ச்சல் தொடங்கிய தேதி, இப்போது என்ன தொந்தரவு, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து. பெயர் வேண்டாம், வீட்டு எண் போதும்.

தேதிதான் முக்கியம். டாக்டரிடம் போன தேதியைத்தான் ஜனங்கள் சொல்வார்கள். "அதுக்கு முன்னாடி எப்போ உடம்பு ஒரு மாதிரி இருந்துச்சு, தீபாவளிக்கு முன்னயா பின்னயா" என்று கேளுங்கள். பண்டிகையை வைத்துக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

10 நவம்பர், பகல் 2.10

"இதெல்லாம் சர்க்கார் வேலை, டீச்சர் ஏன் நோட்டுத் தூக்க வேண்டும்" என்று கேட்டிருப்பவருக்கு.

1980-களில் எங்கள் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் என்ற வைராலஜி டாக்டர். மாவட்டத்தில் உள்ள தனியார் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அச்சடித்த அஞ்சலட்டை கொடுத்தார்கள். தபால் செலவு அவர்களுடையது. தட்டம்மையோ காலராவோ ரண ஜன்னியோ (டெட்டனஸ்) பார்த்தால் அட்டையில் குறித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் "நதி" என்று வரும். அட்டைகள் சேர்ந்ததும் மாதம் ஒரு செய்தி மடல் அச்சாகி, எழுதிப் போட்ட டாக்டர்களுக்கே திரும்பி வரும். பின்னாளில் கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்திலும் இதே மாதிரி செய்தார்கள்.

அந்த மடலை ஒரு கிளினிக் மேசையில் நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் அதில் தன் ஊர்ப் பெயரைக் காட்டினார், "நான் போட்ட கார்டு." அவர் அடுத்த மாதமும் போட்டார். நாங்கள் படிவம் வாங்கிய டாக்டர்களுக்கு ஒரு வரிகூடத் திருப்பி எழுதியதில்லை. வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தோம், அவர்கள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

டீச்சர், நோட்டில் எழுதும் வீடுகளுக்கு வாரக் கடைசியில் "நம் தெருவில் இத்தனை பேர்" என்று போய்ச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த வாரம் கதவைத் திறப்பார்கள்.

13 நவம்பர், இரவு 8.50

பட்டியல் வந்தது. 14 பேர். இரண்டு தடவை படித்துவிட்டு மூன்றாவது தடவை பேனாவை எடுத்தேன். முதல் நாள் "டெங்குவாகத்தான் இருக்கும்" என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள்.

மூன்று பேர் ஒரு மாதிரி: திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பில் சிவப்பு. அட்டையில் கோடு விழுந்ததும் இவர்களுக்குத்தான். மற்ற 11 பேர் வேறு மாதிரி: லேசான காய்ச்சல், குமட்டல், சோற்று வாசனையே ஆகவில்லை, வலது விலாவுக்குக் கீழே வலி. நான்கு பேருக்குச் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறம் என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் வயது. 11 பேரும் 7 வயதிலிருந்து 28 வயதுக்குள். நாற்பதைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. தெருவில் கிழவர்கள் இல்லையா என்ன? இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் காமாலை சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும், வந்ததே தெரியாமல். ஐந்தாறு வயதுக்குள் வந்தால் பெரும்பாலும் கண் மஞ்சளாகக்கூட ஆகாது, ஆயுளுக்கும் எதிர்ப்பு நின்றுவிடும். இப்போதுள்ள பிள்ளைகள் சுத்தமாக வளர்ந்ததால் தள்ளிப்போய், வளர்ந்த பிறகு வருகிறது, வந்தால் படுக்கப்போடுகிறது. இது ஹெபடைடிஸ் ஏ, அதாவது தண்ணீரில் வரும் காமாலை என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் தெருவில் இரண்டு நோய் ஒரே நேரத்தில் நடக்கிறது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அக்டோபர், நவம்பர் வந்தால் எங்கள் துறைக்கு டெங்குக் கண் வந்துவிடும். உண்ணிக் காய்ச்சலையும் எலிக் காய்ச்சலையும் அப்படித்தான் தவறவிடுவோம்.

13 நவம்பர், இரவு 9.20

அவசரம். வீட்டு எண் 22-இல் ஏழு மாதக் கர்ப்பிணி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் வரும் காமாலையில் ஏ மட்டுமில்லை, ஈ வகையும் உண்டு. கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கு ஈ வகை உயிரையே எடுக்கும். எது என்று பரிசோதனை சொல்லும்வரை அந்தப் பெண் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் மட்டும் குடிக்கட்டும். கொப்பளிக்கவும் அதுவேதான். இன்று இரவே போய்ச் சொல்லுங்கள். நாளைக் காலையில் நர்ஸம்மாவிடம் பட்டியலின் நகலைக் கொடுங்கள், எஸ் படிவத்தில் காமாலைக்குத் தனி வரி இருக்கிறது. 104-க்கும் ஒரு போன்.

17 நவம்பர், காலை 11.00

நர்ஸம்மா வந்து பார்த்தாராம், நான்கு பேரின் ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறதாம். நல்லது.

ஆனால் 11 என்பதை நான் நம்பவில்லை. நம் ஊரில் காமாலைக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? கீழாநெல்லிதான். நான் வேலையில் இருந்தபோது ஒரு கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெறும் வயிற்றில் மருந்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாதக் காமாலை 2 என்று இருக்கும். அவர் வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். நான் சைக்கிளில் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொள்வேன். அவர் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். "எந்த ஊரும்மா, எந்தத் தெரு, எப்போ ஆரம்பிச்சது" என்று வருபவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வேன். மூன்றாவது வாரம் அவரே, "சார், இன்னிக்கு காலனிப் பக்கம் ஜாஸ்தி" என்று எனக்காக எண்ணி வைத்திருந்தார். மாவட்டத்துக்கே தெரியாத ஒரு நோய்க் கிளம்பலை அந்தத் திண்ணையில்தான் பிடித்தோம்.

அம்மையும் அப்படித்தான். "அம்மா வந்திருக்கா" என்றால் யாரும் ஊசிக்கோ மாத்திரைக்கோ போக மாட்டார்கள். ஆனால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வேப்பிலை செருகிய வாசல்களை எண்ணிக்கொண்டு போனாலே சின்னம்மைக் கணக்கு வந்துவிடும். பச்சை இலை புதுசு, காய்ந்த இலை போன வாரத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் கேட்டால் தொடங்கிய தேதியும் கிடைக்கும்.

டீச்சர், உங்கள் ஊரில் மருந்து கொடுப்பவர் யார் என்று விசாரியுங்கள்.

18 நவம்பர், இரவு 7.30

டீச்சர் நேற்று மாலையே போயிருக்கிறார். மருந்து கொடுக்கும் அம்மா இரண்டு வாரத்தில் வந்தவர்களை வீதிவாரியாக நினைவிலிருந்து சொன்னாராம். டீச்சரின் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து மட்டும் 8 பேர். ஆக 19. டீச்சரின் மகள் நோட்டுக்கு மஞ்சள் அட்டை போட்டிருக்கிறாளாம். பொருத்தம்தான்.

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "ஆயுத பூஜை அன்று பட்டறையில் எல்லோருக்கும் ஜூஸ் கொடுத்தார்கள், அதிலிருந்து வந்திருக்கலாமே?" நியாயமான சந்தேகம். இந்த நோய் உள்ளே போய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள், சராசரி 28. பூஜை அக்டோபர் 11. நவம்பர் முதல் வாரத்தில் விழுந்தவர்களுக்கு நாள் பொருந்துகிறது.

நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் இது தெரியாது. படுக்காதவர்களிடமும் கேட்க வேண்டும். இளவயதில் நன்றாக இருப்பவர்கள் இருபது பேரிடம் அதே இரண்டு கேள்வி: ஜூஸ் குடித்தாயா, வீட்டில் எந்தத் தண்ணீர்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் செய்யாமல், நோயாளிகள் எல்லோரும் சாப்பிட்டார்கள் என்பதற்காக ஒரு திருவிழாப் பிரசாதத்தைக் குற்றம் சொன்னேன். ஊரே சாப்பிட்டிருந்தது. உண்மையான காரணம் கிணறு. அந்தப் பூசாரியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன், அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

21 நவம்பர், இரவு 10.05

டீச்சர் கேட்டுவிட்டார். முதல் பட்டியலில் உள்ள 11 பேரில் ஜூஸ் குடித்தது 5. நன்றாக இருக்கும் 20 பேரில் குடித்தது 10. ஜூஸ் மேல் பழியில்லை. தண்ணீர்: 11 பேரும் ஒரே குழாய் வரிசையின் கடைக்கோடி. நன்றாக இருப்பவர்களில் அந்தக் கடைக்கோடித் தண்ணீர் குடிப்பவர்கள் 3 பேர்தான். மற்றவர்கள் போர் தண்ணீர், கேன் தண்ணீர், அல்லது வரிசையின் தொடக்கத்தில் இருப்பவர்கள்.

கடைக்கோடியில் என்ன? செப்டம்பர் கடைசியில் அங்கே கால்வாய் கட்டத் தோண்டினார்களாம். வீட்டு இணைப்புப் பைப் உடைந்த இடங்களில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பைப்புகள் சாக்கடைக்குள்ளேயே கிடக்கின்றன. பார்த்த உடனே எனக்கு வயிறு கலங்கியது. (டீச்சர் படம் அனுப்பினார்.)

தண்ணீர் நான்கு நாளுக்கு ஒரு தடவை. விடும்போது பைப்பில் அழுத்தம் இருக்கும், உள்ளேயிருந்து வெளியே கசியும். நிறுத்தியதும் பைப் காலியாகும், அப்போது வெளியில் உள்ளதை உள்ளே இழுக்கும். போதாததற்குச் சில வீடுகளில் லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அடுத்த முறை தண்ணீர் வரும்போது முதல் சில குடத்தில் அந்தச் சாக்கடைதான் வருகிறது. நாற்றமடிக்கும் வரை யாரும் கொட்ட மாட்டார்கள், நான்கு நாள் காத்திருந்த தண்ணீராயிற்றே.

டெங்குவுக்கும் காரணம் அதே நான்கு நாள்தான். அதனால்தானே டிரம்மில் பிடித்து வைக்கிறோம். ஏடிஸ் கொசு டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினால் போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும், வாரம் ஒரு தடவை, ஏனென்றால் முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் போதும்.

22 நவம்பர், காலை 7.00

குளோரின் பார்த்தார்களா என்று கேளுங்கள். தொட்டிக்கு அடியில் பார்த்துவிட்டு "இருக்கிறது" என்று எழுதுவது வழக்கம். பார்க்க வேண்டியது கடைசி வீட்டுக் குழாயில். குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி, இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறும், நிறத்தைப் பக்கத்து அளவோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால் வழியில் எதுவோ குளோரினைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். தின்றது சாக்கடை.

24 நவம்பர், மாலை 5.40

"பட்டியலை வீட்டு எண்ணோடு தெரு வாட்ஸப்பில் போடுங்கள், ஜாக்கிரதையாக இருப்போம்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. கோபமாகவே சொல்கிறேன்.

2020-இல் வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்தோம். அதன் பிறகு என்ன நடந்தது? இருமலை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். பரிசோதனைக்கு வேறு முகவரி கொடுத்தார்கள். மூச்சு முட்டிய பிறகுதான் வெளியே வந்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் அப்படித் தாமதமாக வந்த ஒருவரை இழந்தோம். தகரம் கிருமியைத் தடுத்ததோ இல்லையோ, தகவலைத் தடுத்தது.

தெருவுக்குத் தெரிய வேண்டியது மூன்று: எத்தனை பேர், எந்தக் குழாய் வரிசை, என்ன செய்ய வேண்டும். எந்த வீடு என்பது டீச்சருக்கும் நர்ஸம்மாவுக்கும் போதும். காமாலை வந்த வீட்டில் பெண் பார்க்க வருவதைத் தள்ளிப்போட்ட கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

2 டிசம்பர், காலை 9.15

ஃபெங்கல் புயல் மழை. டீச்சர் வீட்டில் கரண்ட் இல்லை, நோட்டு நனையவில்லை என்று மட்டும் செய்தி வந்தது. சாக்கடை ரோட்டில் ஓடுகிறதாம். இந்த வாரம் குழாயில் வரும் எதையும் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். நன்றாகத் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் நிற்கட்டும்.

9 டிசம்பர், இரவு 8.00

முடிவுகள். அனுப்பிய நான்கும் ஹெபடைடிஸ் ஏ. ஈ இல்லை. 22-ஆம் எண் வீட்டுப் பெண் நன்றாக இருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் இன்று சாப்பிட்டேன். டெங்கு என்ற மூவரில் இருவருக்கு அரசு லேபில் ஐ.ஜி.எம். உறுதியானது. ஆக வார்டின் டெங்குக் கணக்கு பூஜ்யத்திலிருந்து 2 ஆனது. காமாலை மொத்தம் 26.

"குளோரின் கூட்டிவிட்டோம், இனி பயமில்லை" என்று சொல்லியிருக்கிறார்களாம். கூட்டியது சரி. ஆனால் டெல்லியில் 1955 நவம்பரில் யமுனைத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. தெரிந்ததும் குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியா நோய்கள் பெரிதாகக் கிளம்பவில்லை, எல்லோரும் நிம்மதியானார்கள். சில வாரம் கழித்துக் காமாலை எழுந்தது, கண் மஞ்சளானவர்கள் மட்டும் ஏறத்தாழ 29,000 பேர். அது ஈ வகை என்று பல வருஷம் கழித்துத்தான் உறுதியானது. கலங்கிய தண்ணீரில் குளோரின் வைரஸைத் தொடும் முன்பே தீர்ந்துவிடும். பைப்பை மாற்றாமல் குளோரினை மட்டும் ஏற்றினால் போதாது.

நவம்பர் 17-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். மருந்து கொடுப்பவர் திண்ணையைப் பற்றி எழுதியபோது எல்லாக் காமாலையும் தண்ணீர்க் காமாலை என்பது போலத் தொனித்துவிட்டது. ரத்தம் வழியாக வரும் பி வகை, பித்தப்பைக் கல், குடியால் கெட்ட ஈரல் எல்லாம் அதே திண்ணைக்கு வரும். எண்ணிக்கை திடீரென்று ஏறுவதும் ஒரே தெரு திரும்பத் திரும்ப வருவதும்தான் அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் இறங்காதவரைக் கட்டாயம் டாக்டரிடம் அனுப்புங்கள்.

10 டிசம்பர், காலை 6.10

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எத்தனை நாள் நிறுத்துவது என்று டீச்சர் கேட்டிருந்தார், விட்டுவிட்டேன். கண் மஞ்சளாகி ஒரு வாரம். ஆனால் கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் அதிகம் பரப்பும், அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே பள்ளிக் கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பும் தண்ணீரும், எல்லோருக்கும், எப்போதும். சோப்பு வாங்கப் பணமில்லை என்றால் நான் அனுப்புகிறேன்.

5 ஜனவரி 2025, இரவு 7.45

கால்வாய்க்குள் கிடந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றை மேலே தூக்கிப் புதுப் பைப் போட்டுவிட்டார்கள். இரண்டு வீடு பாக்கி. கடைசிக் குழாயில் குளோரின் பார்த்தால் மஞ்சள் நிறம் வருகிறதாம், இந்த மஞ்சளைக் கண்டால் சந்தோஷம். டிசம்பர் 20-க்குப் பிறகு ஒரே ஒரு புதுக் காமாலை, முன்பு வந்த சிறுவனின் அக்கா. மொத்தம் 27. இது தண்ணீரில் வந்ததில்லை, வீட்டுக்குள் கைவழியாக வந்தது.

நோட்டை மூடிவிடலாமா என்று கேட்கிறார். வேண்டாம். ஐம்பது நாள் வரை உள்ளே ஒளிந்திருக்கும் நோய் இது. புது ஆள் இல்லாமல் அந்த ஐம்பது நாள் இரண்டு தடவை போக வேண்டும். ஏப்ரல் வரை எழுதுங்கள். யாருமே இல்லாத வாரத்தையும் தேதி போட்டு எழுதுங்கள். பக்கம் காலியாக இருந்தால் நோய் இல்லையா, டீச்சர் போய்ப் பார்க்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

19 ஜனவரி, மாலை 6.30

பொங்கல் முடிந்து முதல் பட்டியல் வந்திருக்கிறது. காய்ச்சல் 2, இரண்டும் சளிக் காய்ச்சல். அம்மை 1, வாசலில் வேப்பிலை. காமாலை 0, மருந்து கொடுக்கும் அம்மாவிடமும் கேட்டாயிற்று. பாக்கி இருந்த இரண்டு வீட்டில் ஒன்றுக்குப் பைப் மாற்றியாயிற்று, இன்னொரு வீடு பூட்டியிருக்கிறது, ஆட்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். வந்ததும் சொல்லுங்கள்.